ஆறு வற்றிய காலையில் நான் பிடித்த ரயில்

அன்று காலை எங்கள் ஆற்றைக் கடல் உறிஞ்சிக் குடித்துவிட்டது என்று நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் அது என் சொந்த விஷயம். நம்பிக்கொண்டே ஓடினேன். ஓடியதோடு நின்றிருந்தாலும் ஊர் மன்னித்திருக்கும். ஓடிப்போய் ரயிலில் ஏறினேன். ஏறும்போது என் கையில் இன்னொருவர் மனைவியின் சூட்கேஸ் இருந்தது.

இதை முதலிலேயே ஒப்புக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊரில் இறங்கி ஸ்டேசனுக்கு முன்னால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற எவருக்கும் இந்தக் கதையைச் சொல்ல அங்கே ஐந்து பேராவது காத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்கிற கதையில் நான் இடுப்புச் சாரத்தையும் விட்டுவிட்டு ஓடுகிறேன். அது சுத்தப் பொய். சாரம் இருந்தது. சட்டைதான் இல்லை.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் ஓரத்தில் இருக்கிறது. எழுதும்போது வாவி, பேசும்போது ஆறு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தண்டவாளம், நடுவில் ஒரு தெரு. கடல் பார்க்க வருபவர்கள் கல்குடாவிலேயே இறங்கிவிடுவார்கள். கோட்டை பார்க்க வருபவர்கள் கடைசி ஸ்டேசன் வரை போய் மட்டக்களப்பில் இறங்குவார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் ஊரில் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். போர் முடிந்த பிறகு, அந்தக் காரணத்தை உண்டாக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன்.

‘எமது ஊரின் வரலாறும் பார்க்க வேண்டிய இடங்களும்’ என்று ஒரு தாள் எழுதி, கொமினிகேசன் கடையில் தட்டச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வீட்டு முன்னறையில் தொங்கவிட்டேன். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிய தொட்டி அதில் இருந்தது. ஒல்லாந்தர் கட்டிய இறங்குதுறை இருந்தது. ஒல்லாந்தர்தான் கட்டினார்கள் என்று யார் சொன்னது என்று கேட்டால், தாள் சொன்னது. பாடும் மீனும் இருந்தது. அது மட்டக்களப்புப் பாலத்தடியில்தான் பாடும் என்பார்கள். மீனுக்கு நீந்தத் தெரியாதா என்ன, எங்கள் பக்கமும் வரும் என்று போட்டுவிட்டேன். உண்மையான வரலாறும் கொஞ்சம் இருந்தது. யுத்தக் காலத்தில் வருடக்கணக்காக ரயில் வராமல் கிடந்ததையும், சிலிப்பர் கட்டைகளைக் கழற்றி இரண்டு தரப்பும் பங்கர் கட்டியதையும், பிளாட்பாரத்தில் ஆடுகள் குட்டி போட்டதையும் எழுதினேன். ரயிலைவிட ஆடுகள்தான் அந்த ஸ்டேசனைக் கூடுதலாகப் பயன்படுத்தியிருக்கின்றன.

என் தொழில் மனு எழுதுவது. பிரதேச செயலகத்துக்கு முன்னால் வாகை மரத்தடியில் மேசை. போர்க்காலத்தில் எனக்கு வேலை அதிகம், பதில் வந்தது குறைவு. போர் முடிந்ததும் கந்தோர்களில் அச்சடித்த படிவம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பெயர், முகவரி, கையொப்பம். உருக்கம் எழுத இடமே இல்லை. என் தொழில் ஏறக்குறைய முடிந்தது. அப்போதுதான் என் மனைவி பாஸ்போர்ட் எடுத்தாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்கு. மெடிக்கல் முடிந்துவிட்டது. தைப்பொங்கல் கழிந்ததும் ஏற்றுவதாக ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் அப்படி ஏறிய பெண்கள் ஏழெட்டுப் பேர். திரும்பி வந்தவர்களும் உண்டு, பிள்ளைகள் முகம் மறந்த பிறகு வந்தவர்களும் உண்டு. நான் பகிடியாகப் பேசிப் பார்த்தேன், கோபமாகப் பேசிப் பார்த்தேன். கடைசியில் ஒரு சவால் விட்டேன்: வீட்டில் ஒரு அறையைப் பயணிகளுக்கு விடுவோம், நான் ஊரைச் சுற்றிக் காட்டுவேன், நீ சமை, பிழைத்துக்கொள்ளலாம். அவள் பாஸ்போர்ட்டை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தாள்.

“சரி. தை பிறக்க முதல் ஆராவது வந்து, ரெண்டு நாள் தங்கி, முகம் சுளிக்காமப் போனா நான் போகல்ல. இல்லாட்டி நான் ஏறுவன். மறுகா அழப்படாது.”

மார்கழி முக்கால்வாசி கழிந்தும் ஒருவரும் வரவில்லை. மழைதான் வந்தது.

மழை எனக்கு விருந்தாளிகளைத் தராவிட்டாலும் ஒரு மனுவைத் தந்தது. எங்கள் பக்கத்தில் வயல்கள் சேர்ந்து கிடக்கும் வெளியை வட்டை என்போம். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வயல் செய்கிற வட்டை முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆறு நிரம்பி வட்டைக்குள் ஏறும்போது செய்கிற வேலை ஒன்றுதான். கடலும் ஆறும் சந்திக்கிற இடத்தில் மணல் மேடு விழுந்து வாய் மூடியிருக்கும். அதை வெட்டிவிட்டால் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்துபோகும், வயல் தலையைத் தூக்கும். அதிகாரிகள் சம்மதிக்காமல் வெட்ட முடியாது. மச்சான் சேறு காலோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான்.

“மச்சான், நல்லா அழுது எழுதுங்க. நெல்லு அழுகுது, நீங்களும் அழுங்க.”

அழுதேன். இரண்டு பக்கம். கதிர் விரிவதற்கு முன் மூச்சு முட்டுகிற பயிரைப் பற்றி நான் எழுதியதை மச்சானே வாசிக்க முடியாமல் மூக்கைச் சிந்தினான். கொடுத்துவிட்டு மறந்துபோனேன். நான் எழுதிய மனுவுக்கு ஒரு கந்தோர் அசைந்ததாக வரலாறு இல்லை. என் தொழிலின் அடிப்படையே அதுதான்: எழுதியவுடன் மறந்துவிட வேண்டும்.

அந்த வாரமே விருந்தாளிகளும் வந்தார்கள். மாத்தறைப் பக்கத்தில் இருந்து பென்சன் எடுத்து இளைப்பாறிய ஒரு ஸ்டேசன் மாஸ்டரும் அவர் மனைவியும். சிங்களவர்கள். இளம் வயதில் அவர் எங்கள் ஸ்டேசனில்தான் வேலை பார்த்தாராம். சாகும் முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஸ்டேசனுக்குப் போன் எடுத்திருக்கிறார். அங்கிருந்தவர்கள் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். பிடித்துப்போனால் பழைய ரயில்வேக்காரர்கள் ஒரு பெட்டி நிறைய வருவார்கள் என்றார். நான் பிள்ளைகள் இரண்டு பேரையும் மச்சான் வீட்டுக்கு அனுப்பி, அவர்கள் அறைக்குப் புது பெட்ஷீட் விரித்து, ரயில் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஸ்டேசனில் போய் நின்றேன். அந்த இரண்டு மணி நேரத்தில் ஊருக்குள் ஓர் ஓட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போயிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. நான் வரவேற்புரை பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மழை விட்டதும் அவர்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனேன். இறங்குதுறையின் பலகை தண்ணீருக்குள் மூழ்கி, தூண்களின் தலை மட்டும் தெரிந்தது.

“ஐயா, இது ஒல்லாந்தர் காலத்து இறங்குதுறை,” என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தமிழ் அவருக்கு அப்படியே மிச்சம் இருந்தது, எங்கள் ஊர்த் தமிழ்.

“இல்லயே தம்பி. நான் இஞ்ச இருக்கக்க கட்டினது. சீமெந்து மூட்டைய நான்தான் ரயிலால இறக்கினது. ஒல்லாந்தர் வரல்லயே.”

என் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவர் மனைவியை நாங்கள் நோனா என்று கூப்பிட்டோம். நோனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் மனைவி சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. சிரிக்கிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இனி, சுனாமி. அதைச் சொல்லாமல் நான் ஏன் ஓடினேன் என்று விளங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடற்கரைப் பக்கத்தில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். கடல் பின்னால் போனது. இவ்வளவு மீன் தரையில் கிடந்து துள்ளுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எல்லோரும் என்ன செய்தார்களோ அதையே நானும் செய்தேன்: சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பொறுக்கப் போனேன். யாரோ ஒரு பெண் பின்னால் இருந்து, “அண்ணே, தண்ணி நிமிருது!” என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். பிறகு நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு மைல் கழித்துத்தான், மடியில் இன்னும் மீனைக் கட்டிக்கொண்டு ஓடுகிறேன் என்பதைக் கண்டேன். கத்திய அந்தப் பெண்ணைப் பிறகு எந்த முகாமிலும் காணவில்லை. அதைப் பற்றி மட்டும் நான் பகிடி விடுவதில்லை.

அன்றிலிருந்து என் தலைக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. தண்ணீர் பின்னால் போனால் நீ முன்னால் போ. யாரிடமும் கேட்காதே. திரும்பிப் பார்க்காதே. பிறகு வந்த வருடங்களில், கடல் வருகிறது என்று எந்தச் சின்னப் பிள்ளை சொன்னாலும் ஓடினேன். யுத்தத்துக்கும் ஓடினோம், அது வேறு ஓட்டம். அதில் எல்லோரும் சேர்ந்து ஓடினோம். கடலுக்கு நான் தனியாகவே ஓடிப் பழகியிருந்தேன்.

விருந்தாளிகள் வந்த மறுநாள் காலை, தோணிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்ய வெறும் மேலோடு ஆற்றுக்குப் போனேன்.

ஆறு இல்லை.

முந்தின நாள் தலை மட்டும் காட்டிய தூண்கள் முழு உயரத்துக்கு நின்றன. கட்டியிருந்த தோணி சேற்றில் சாய்ந்து கிடந்தது. கரை அறுபது எழுபது யார் தூரம் தள்ளிப் போயிருந்தது. கொக்குகள் நடந்து திரிந்தன. சேற்றில் மீன் துள்ளியது. அந்த மீனைக் கண்டதும் என் கால் எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஆற்றுவாய் வெட்டினால் ஆறு இப்படித்தான் வற்றும் என்பதைப் பிறந்ததில் இருந்து பார்த்தவன் நான். அதை வெட்டச் சொல்லி எழுதியவனும் நான். இரண்டும் அந்த நேரத்தில் என் தலையில் இல்லை. தலையில் இருந்ததெல்லாம் மீன்.

முற்றத்தில் ஸ்டேசன் மாஸ்டர் முருங்கை மரத்தில் கண்ணாடி தொங்கவிட்டு முகம் வழித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஓடுங்க! கடல் வருது!”

அவர் அரைக் கன்னத்து நுரையோடு திரும்பினார். “எந்த ரயில்ல?”

எனக்குச் சிரிக்க நேரமில்லை. விறாந்தையில் நோனாவின் சூட்கேஸ் இருந்தது. விருந்தாளியைக் காப்பாற்ற வேண்டும் என்று என் மூளை கட்டளை போட்டது. கை போய் சூட்கேஸைப் பிடித்தது. குசினிக்குள் இருந்து மனைவி இடியப்ப உரலோடு எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்க! எங்க போறீங்க? அது ஆத்து வா...”

‘ஆத்து’ வரைதான் கேட்டது. அந்த நேரம் நான் படலையைத் தாண்டிவிட்டேன்.

தெருவில் பாண்காரர் சைக்கிளை நிறுத்தினார். “என்ன அண்ணே, அக்காக்கு விசா வந்திட்டா?”

சூட்கேஸைப் பார்த்துக் கேட்கிறார். அந்த ஓட்டத்திலும் அது எனக்குச் சுருக்கென்று பட்டது. “கடல்! கடல்!” என்றேன். பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. சாகப்போகிற நேரத்தில் என்ன சிரிப்பு என்று நினைத்தேன்.

ஊரில் உயர்ந்த இடம் ஸ்டேசன் மேடைதான். அங்கே ஏறி நின்றேன். உயரம் போதாது போலத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பில் இருந்து காலை ரயில் வந்து நின்றது. ரயில் கொழும்புக்குப் போகிறது. கொழும்பு தூரம். தூரம் நல்லது. ஏறினேன். பச்சைக் கொடி அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். மேடையில் யாரும் இல்லை. என் பின்னால் ஒருவரும் ஓடி வரவில்லை.

அப்போதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. மனைவியை விட்டேன். மச்சான் வீட்டில் இருந்த பிள்ளைகளையும் விட்டேன். வயதான இரண்டு விருந்தாளிகளை விட்டேன். அவர்களுடைய உடுப்பை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றிக் கொண்டுபோகிறேன். கதவருகில் நின்று குதிக்கலாமா என்று பார்த்தேன். ரயில் வேகம் எடுத்துவிட்டது. அழுகை வந்தது. மனுவில் வருகிற அழுகை இல்லை.

எதிரில் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி ஒருவர், காக்கா, அதாவது அண்ணன், என்று நாங்கள் கூப்பிடுகிற வயதுக்காரர், சட்டைப் பொதிகளை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன தம்பி, மேலுக்கு ஒண்டும் இல்லாம சூட்கேஸோட?”

“காக்கா, கடல் வருது. ஆறு வத்திப்போச்சு. என்ட மனிசி அங்க...”

அவர் யன்னலால் எட்டி ஆற்றைப் பார்த்தார். ஆறுதலாகத் திரும்பினார்.

“ஆறு வத்தினது சரிதான். நேத்து முகத்துவாரம் வெட்டினாங்கல்லவா? பெக்கோ மிசின் கொண்டந்து வெட்டினாங்க. ஒலிபெருக்கியில சொல்லித் திரிஞ்சானே. நாங்களும் போய்ப் பாத்த.”

நான் சூட்கேஸைக் கீழே வைத்தேன்.

“வயல்காரர்ர மனுவாம். ஆரோ ஒருத்தன் எழுதிக் குடுத்திரிக்கான். வாசிச்ச பெரியவருக்கே கண்ணால தண்ணி வந்திட்டாம். கெட்டிக்காரன். எங்க இருந்தாலும் அவன் நல்லா இரிக்கணும்.”

“ஓம் காக்கா,” என்றேன். “அவன் நல்லாத்தான் இரிக்கான்.”

அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. ஒரு பொதியை அவிழ்த்து, புதுச் சட்டை ஒன்றை எடுத்து உதறி என் மடியில் போட்டார். “இத உடுத்துங்க. பாக்க ஒரு மாதிரி இரிக்கி.” தன் போனையும் நீட்டினார், வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லி. மனைவியின் நம்பர் என் போனுக்குத்தான் பாடம். எனக்குப் பாடமில்லை.

ஏறாவூர் அதற்குள் தாண்டிவிட்டது. அடுத்த ஸ்டேசனில் இறங்கி, சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு செங்கலடிச் சந்தி வரை நடந்தேன். பஸ்ஸில் எனக்கு மரியாதை கிடைத்தது. மடிப்புக் கலையாத சட்டை, சில்லு வைத்த சூட்கேஸ்.

“எந்த நாட்டில இருந்து வாறீங்க?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

“கனதூரம் போகல்ல,” என்றேன்.

வழியெல்லாம் நான் கணக்குப் போட்டது ஒன்றைத்தான். அவர்கள் இதற்குள் முகம் சுளித்திருப்பார்கள். சுளிக்காமல் என்ன செய்வார்கள்? கூட்டிவந்தவன் ஓடிவிட்டான், உடுப்பும் போய்விட்டது. மாலை ரயிலுக்குப் புறப்பட்டிருப்பார்கள். தை பிறக்க ஒரு கிழமைதான் இருக்கிறது. அவளுடைய பாஸ்போர்ட் அலமாரியில் சேலைக்கு அடியில் இருக்கிறது. மனு எழுதத் தெரிந்த நான் அவளுக்கு முன்னால் என்ன எழுதி நீட்டுவது?

வீட்டில் ஒருவரும் இல்லை. ஆற்றங்கரையில் இருந்து சத்தம் வந்தது. போனேன்.

வற்றிய ஆற்றின் சேற்றுக்குள் ஸ்டேசன் மாஸ்டர் நிற்கிறார், என்னுடைய இன்னொரு சாரத்தை முழங்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு. பக்கத்தில் என் மச்சான். நோனாவுக்கு என் மனைவி கை கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். எல்லோரும் ஒரு இடத்தைக் குனிந்து பார்க்கிறார்கள். சேற்றுக்குள் இரண்டு துருப்பிடித்த இரும்புக் கோடுகள், இறங்குதுறையில் இருந்து கரை நோக்கி.

“டிரொலி லைன்,” என்றார் ஸ்டேசன் மாஸ்டர். “தோணியில வாற நெல்லு மூட்டைய இதாலதான் ஸ்டேசனுக்குத் தள்ளினது. எல்லாரும் இல்லாமப் போச்சு எண்டாங்க. இஞ்ச கிடக்கு, பாருங்க.” அவர் குனிந்து துருவைத் தடவினார். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு அப்படியொரு தண்டவாளம் கீழே கிடப்பது தெரியாது. என் தாளில் அது இல்லை.

மச்சான்தான் என்னை முதலில் கண்டான். “வந்திட்டார் ஐயா! மச்சான், வயல் தலை தூக்கிட்டு. பாதிக்கு மேல தப்பும். உங்கட மனுதான்!” ஓடி வந்து சேற்றுக் கையால் புதுச் சட்டையைக் கட்டிப்பிடித்தான்.

நோனா சூட்கேஸை வாங்கி, அங்கேயே திறந்து ஒரு மருந்துப் பெட்டியை எடுத்தார். பிரஷர் குளிசை. காலைக் குளிசை சூட்கேஸுக்குள் ரயில் ஏறியிருக்கிறது. என் மனைவி மருந்துக்கடைக்கு ஓடிப்போய், வெறும் மாத்திரை உறை ஒன்றைக் காட்டி அதே குளிசை வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

“தம்பி,” என்றார் ஸ்டேசன் மாஸ்டர், “முப்பத்தைஞ்சு வருசம் சேர்விஸ். டிக்கட் இல்லாம ஓடினவங்களப் பாத்திரிக்கன். சட்டை இல்லாம ஓடினவன இப்பதான் பாக்கிறன்.”

நோனாவுக்கு அதை அவர் சிங்களத்தில் சொன்னார். நோனா சேற்றுக்குள் உட்காரப் போகிற அளவுக்குச் சிரித்தார். இரண்டு நாள் தங்க வந்தவர்கள் நான்கு நாள் தங்கினார்கள். போகும்போது முகம் சுளிக்கவில்லை. பிறகு பழைய ரயில்வேக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெட்டி நிறைய இல்லை, ஒன்பது பேர்.

விருந்தாளிகளை ரயில் ஏற்றிவிட்டு வந்த மத்தியானம், நான் குசினி வாசலில் நின்று, வென்றவன் மாதிரி சொன்னேன்.

“அப்ப போகல்லதானே? முகம் சுளிக்கல்லயே.”

அவள் நண்டுக் கோதுகளை வாழையிலையில் மடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

“அவங்க சுளிக்காததுக்காக இல்ல. நான் குவைத்தில நிக்கக்க இஞ்ச ஒருக்கா ஆறு வத்தினா, வந்த சனத்தையும் பிள்ளைகளையும் ஆர் பாக்கிறது? நீங்க கொழும்பில நிப்பீங்க.”

எப்படிப் பார்த்தாலும் அது சரியான கதை.

பொங்கல் கழிந்து ஏஜென்சிக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுப் போனார். மூன்றாம் முறை வரவில்லை. அந்தத் தையிலும் அதற்குப் பிறகு வந்த எந்தத் தையிலும் என் மனைவி குவைத்துக்குப் போகவில்லை.